ஒரே ஹார்மோனிகா, எத்தனை கீ?

சி ஹார்மோனிகா வாங்கிட்டா சி ஸ்கேல்ல மட்டும்தான் வாசிக்க முடியும்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. ப்ளூஸ் இசை வாசிக்கிறவங்க பெரும்பாலும் சி ஹார்ப்ப (ஹார்மோனிகாவத்தான் சுருக்கமா ஹார்ப்னு சொல்வாங்க) வச்சுக்கிட்டு ஜி-லதான் வாசிப்பாங்க, இதுக்கு செகண்ட் பொசிஷன்னு பேரு, கிராஸ் ஹார்ப்னும் சொல்வாங்க. ரெண்டாவது ஓட்டைல காத்த உள்ள இழுத்தா ஜி வரும், அத ஸ-வா வச்சுக்கோங்க, எஃப் ஷார்ப் இல்லாம எஃப்தான் இருக்கும்ங்கறதால நம்ம கணக்குல அது ஹரிகாம்போஜி ராகம். டி-ய ஸ-வா வச்சா தேர்ட் பொசிஷன், அப்படியே கரகரப்பிரியா. கிரக பேதம், அதாவது அதே சுரங்கள்ல வேற ஒண்ண ஸ-வா மாத்திக்கிறது, தெரிஞ்சவங்களுக்கு இது புரிய ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.

ஆனா கீழ் ஆக்டேவ்ல எஃப்பும் ஏ-யும் கிடையவே கிடையாது, பெண்ட் பண்ணித்தான், அதாவது இருக்கற சுரத்த கீழ வளைச்சுத்தான் எடுக்கணும். மூணாவது ஓட்டைய இழுத்துக்கிட்டே நாக்கோட பின்பக்கத்த கொஞ்சம் கொஞ்சமா இறக்கினா பி-லேருந்து பி ஃப்ளாட், ஏ, ஏ ஃப்ளாட்னு சறுக்கிட்டே போகும், நடுவுல ஏ-ல கரெக்டா நிக்கறதுதான் பெரிய தலவலி. உதட்ட இறுக்கி பலமா இழுக்காதீங்க, உள்ள அதிர்ந்து சத்தம் தர்ற தகடு, அந்த ரீடுதான் வீணாப் போகும்.

பன்னெண்டு கீயும் ஒரே வாத்தியத்துல வேணும்னா பட்டன் வச்ச குரோமேட்டிக் ஹார்மோனிகா இருக்கு. எனக்கென்னவோ அதுல பெண்ட் பண்றப்ப வர்ற அந்த அழுகை வர்றதில்ல. ரெண்டாவது ஹார்ப் வாங்கறதா இருந்தா ஏ வாங்குங்க, கிட்டார்காரங்க ஈ-ல ஆரம்பிச்சா செகண்ட் பொசிஷன்ல அப்படியே சேர்ந்துக்கலாம்.