சீசன் வந்தா கருவாடு பின்னாடி போயிடும்

கார்த்திகை ஒண்ணாந்தேதி சாமிங்க மாலை போட்டுட்டாங்கன்னா அன்னைலேர்ந்து என் கடை வாசல்ல கருவாடு தொங்கக் கூடாது. யாரும் வந்து ரூல் போடல, நாங்களா வச்சிக்கிட்டதுதான். மண்டபத்துல ரோட்டோரம் ஒரு சின்னக் கடை என்னோடது. ராமேஸ்வரம் போற வண்டி எதுவா இருந்தாலும் இந்த ரோட்டுலதான் போயாகணும், தீவுக்கு வேற ரோடு கிடையாது. ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகாலேர்ந்து வேன் வேனா வருவாங்க, சபரிமலைக்கு போயிட்டு வர்ற வழியிலயோ போற வழியிலயோ ராமேஸ்வரத்துல 22 தீர்த்தமும் ஆடிட்டு போறது அவங்க வழக்கம், அப்படி விரதத்துல இருக்கிற ஒரு மனுஷன் இறங்கி வந்து தண்ணி பாட்டில் கேக்கும்போது தலைக்கு மேல திருக்கைக் கருவாடு ஆடிட்டு இருந்தா அவரு என்ன பண்ணுவாரு, பாட்டிலை வச்சிட்டு அடுத்த கடைக்கு போயிடுவாரு. அதனால நெத்திலி, சீலா, திருக்கை எல்லாம் சாக்குல கட்டி பின்னாடி வீட்டுக்கார அக்கா திண்ணைக்கு போயிடும். ஊர்க்காரங்களுக்கு தெரியும், நேரா அங்க போய் எடுத்துக்கிட்டு காசை இங்க வந்து குடுப்பாங்க.

டிசம்பர் லீவுன்னா மத்த ஊர்ல கிறிஸ்துமஸ், நியூ இயர் அவ்வளவுதான். இங்க அது நவம்பர் நடுவுல ஆரம்பிச்சு தை அமாவாசை வரைக்கும் போகும். ஐயப்ப சாமிங்க, அப்புறம் அரையாண்டு லீவுக்கு பஸ் எடுத்து வர்ற ஸ்கூல் பிள்ளைங்க, அப்புறம் பொங்கல், கடைசில அமாவாசைக்கு திதி குடுக்க வர்ற கூட்டம். இந்த சமயத்துல சம்பாதிக்கிறதுதான் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம் வரும்போது கை குடுக்கும், அந்த 61 நாள் கடையில காசைப் பாக்கவே முடியாது, எல்லாம் கடன் நோட்டுதான்.

நான் பேசாலை. இலங்கைல மன்னார் தீவுல இருக்கிற ஊர், சுருக்கமா சொன்னா கடலுக்கு அந்தப் பக்கம். 2006-ல சண்டை திரும்ப தொடங்கினப்ப அம்மாவும் நானும் படகேறி வந்தோம். எங்க அம்மம்மா காலத்துல டிக்கெட் எடுத்து தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து சாமி கும்பிட்டு, சேலை வாங்கிட்டு திரும்பி போனவங்க உண்டு. எங்களுக்கு டிக்கெட்டுக்குப் பதிலா அம்மாட தோடு. தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு முன்னாடி மணல்திட்டு இருக்குல்ல, ஓட்டி வர்றவன் அதுல இறக்கி விட்டுட்டு ‘இதுதான் இந்தியா, நடங்க’ன்னு சொல்லிட்டு திரும்பிடுவான், நடக்கிறதுக்கு அங்க என்ன இருக்கு, சுத்தி தண்ணி. விடிஞ்சு யாராவது பாத்து தகவல் சொல்லி கூட்டிட்டு வர வரைக்கும் அங்கயேதான். இதைப் பத்தி நிறைய பேர் நிறைய எழுதிட்டாங்க, நான் இதோட விட்டுடுறேன்.

நாங்க வந்து சேந்த மண்டபம் அகதி முகாமைப் பத்தி ஒண்ணு மட்டும் சொல்லணும். வெள்ளைக்காரன் காலத்துல இங்கேர்ந்து சிலோன் தேயிலைத் தோட்டத்துக்கு கூலிக்கு போறவங்கள ஏத்துறதுக்கு முன்னாடி நிறுத்தி வச்சு நோய் இருக்கான்னு பாத்து அனுப்பின இடம் அது. அதே இடத்துல 1983-க்கு அப்புறம் அந்தப் பக்கத்திலேர்ந்து வர்ற நாங்க. முதல் தடவ இதை ஒரு பெரியவர் சொல்லி கேட்டப்ப எனக்கு சிரிப்புதான் வந்துது.

கடை எப்படி வந்துதுன்னா, முதல்ல கடையே இல்ல. முகாம் வீட்டு வாசல்ல காலைல இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் போட்டு வித்தேன். கரைக்கு போற ஆளுங்க வாங்க ஆரம்பிச்சாங்க. அதுல ஒரு அக்கா, அவங்க வீட்டுக்காரர் விசைப்படகுல போறவர், ஒரு நாள் வந்து ‘எவ்ளோ நாளைக்கு இப்படி குனிஞ்சு உக்காந்து விப்ப, எங்க வீட்டு முன்னாடி தாழ்வாரம் சும்மாதான கெடக்கு, ரோட்டப் பாத்து இருக்கு, வந்து போடு’ன்னாங்க. அட்வான்ஸ்? ‘ஓடுனா குடு.’ அதுதான் இந்தக் கடை. இன்னைக்கும் கரண்ட் மீட்டர் அவங்க பேர்ல, ஜிபே ஸ்டிக்கர் அவங்க மகன் பேர்ல, காசு விழுந்தா பெட்டி சத்தமா சொல்லும், சாயங்காலம் அவன் கணக்கு பாத்து கையில குடுத்துடுவான். ஒரு ரூபா குறைஞ்சதில்ல.

சரக்கு? ராமநாதபுரத்துல ஒரு மொத்தக் கடை பாய். நான் முதல் தடவ போனப்ப கையில இருந்த காசுக்கு பிஸ்கட்டும் சோப்பும் மட்டும்தான் எடுக்க முடியும். அவரு என் பேச்சைக் கேட்டுட்டு ‘எந்த ஊரும்மா’ன்னாரு. பேசாலைன்னேன். ‘எங்க வாப்பா கொழும்புல கடை வச்சிருந்தவரு’ன்னாரு. அவ்வளவுதான், வேற கார்டு கேக்கல, அட்ரஸ் கேக்கல, பையனைக் கூப்பிட்டு அரிசி ஒரு மூட்டை, பருப்பு, எண்ணெய் டின் எல்லாம் எடுத்து வைக்கச் சொன்னாரு, ‘நோம்புக்குள்ள குடுத்துடு’ன்னாரு. குடுத்துட்டேன். அப்புறம் திரும்ப வாங்கினேன். இப்பவும் அவருக்கு நான் பாக்கிதான், அவரும் அதை முழுசா முடிக்க விடமாட்டாரு, முடிச்சிட்டா நான் வேற கடைக்கு போயிடுவேன்னு நினைக்கிறாரோ என்னமோ!

சீசன்ல தூக்கம் கிடையாது. வேன்காரங்க ராத்திரி ரெண்டு மணிக்கும் நிறுத்துவாங்க, வெந்நீர் கேப்பாங்க, கற்பூரம், சோப்பு, ஷாம்பு பாக்கெட், நீலத் துண்டு, கறுப்பு வேட்டி இதெல்லாம்தான் ஓடும். தெலுங்குல விலை சொல்ற அளவுக்கு நானும் கத்துக்கிட்டேன். எங்க வீட்டுக்காரர் பெயிண்டிங் வேலைக்கு வெளியூர் போறவர், இந்த நேரம் மட்டும் வேலையை விட்டுட்டு வந்து கடையில நிப்பாரு. மார்கழில பனங்கிழங்கு வரும், அதை அவிச்சுக் கட்டி வச்சா வடநாட்டுக்காரங்க இது என்ன வேர்னு தடவிப் பாத்துட்டு போவாங்க, வாங்க மாட்டாங்க, நம்ம ஆளுங்கதான் வாங்கணும்.

பாலத்துக் கதை வேற இருக்கு. 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் ரயில் பாலத்துல போக்குவரத்தை நிறுத்திட்டாங்க, அப்புறம் ரயில் சிலது ராமநாதபுரத்தோட, சிலது மண்டபத்தோட நின்னுடும். ஊரெல்லாம் புலம்புச்சு, யாத்திரைக்காரங்க பெட்டியத் தூக்கிட்டு பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் அலைஞ்சாங்க, நானும் சேர்ந்து ‘ஐயோ பாவம்’னுதான் சொன்னேன், ஆனா எங்க ரோட்டுக் கடைங்களுக்கு அந்த ரெண்டு சீசன் மாதிரி ஒரு சீசன் வந்ததே இல்ல. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறந்தாங்க, கப்பல் வந்தா நடுப்பகுதி அப்படியே மேல ஏறும், பாக்க நல்லாத்தான் இருக்கு. ரயில் எங்களைத் தாண்டி நேரா போயிடுது. பாலத்துக்கு சந்தோஷப்படுற கூட்டத்துல முழுசா நிக்க என்னால முடியல, வியாபாரிக்கு மனசு அப்படித்தான்.

இந்த மாசத்துலதான் புயலும். பாம்பன்ல கூண்டு ஏத்திட்டாங்கன்னா படகு எல்லாம் கரையில. வாடைக்காத்துல வடகடல் கொந்தளிச்சு கெடக்கும், ஐயப்ப சாமிங்ககிட்ட காசு வர்ற அதே நாள்ல ஊர்க்காரங்க கையில காசு இருக்காது. ஒரு பக்கம் கல்லா, ஒரு பக்கம் நோட்டு. டிசம்பர் 22, 23 வந்தா வயசான ஆளுங்க கடை பெஞ்சுல உக்காந்து 1964 புயல்ல தனுஷ்கோடி போனதை, ரயிலோட ஆளுங்க போனதை எல்லாம் சொல்லுவாங்க, வருஷா வருஷம் அதே கதை, ஆனா நடுவுல யாரும் எந்திரிச்சு போக மாட்டாங்க.

நோட்டுல எழுதறதுலயே கஷ்டமான பேர்னா, அந்தப் பக்கம் பிடிபட்டவங்க வீடு. எல்லை தாண்டினாங்கன்னு இலங்கை நேவி பிடிச்சு வவுனியாவுலயோ யாழ்ப்பாணத்துலயோ வச்சிருவாங்க, இங்க அவங்க பொண்டாட்டி வந்து பால் பாக்கெட்டும் ரெண்டு முட்டையும் வாங்கிட்டு ‘எழுதிக்க’ன்னு சொல்லிட்டு நிப்பாங்க. என்கிட்டதான் கேப்பாங்க, அங்க ஜெயில்ல சாப்பாடு எப்படி இருக்கும், குளிரா இருக்குமான்னு. நான் என்னத்த சொல்ல. ராத்திரி பேசாலைலேர்ந்து தம்பி போன் பண்ணுவான், அவனும் கடல்காரன்தான், ‘அக்கா, உங்கட ரோலர் நேற்றும் வந்து எங்கட வலையை அறுத்துக்கொண்டு போட்டுது, ஒரு வலைக்கு என்ன விலை எண்டு தெரியுமே’ன்னு கத்துவான். ரோலர்னு அவன் சொல்றது இங்க உள்ள விசைப்படகை. அவன் சொல்றதுல பொய் இல்ல, அடிமடி வலை போட்டு கடல் அடியை வாரினா கடலுக்குள்ள எதுவும் மிஞ்சாது, அது இங்க நாட்டுப்படகுக்காரங்களே சொல்றதுதான். ஆனா காலைல பால் பாக்கெட் வாங்க வர்றவங்க முகத்தைப் பாத்து அதை சொல்ல முடியுமா? இந்தப் பக்கம் விசைப்படகுல போறவங்க திண்ணையிலதான் என் கடையே இருக்கு. ரெண்டு பக்கத்துக்கும் காது குடுக்கிறேன், வாயைத் திறக்கிறதில்ல.

கடைக்கு வர்ற ஒருத்தர் ஒரு தடவ சொன்னாரு, ‘எங்க நாடு உங்களுக்கு சோறு போடுது, நன்றியோட இருக்கணும்’னு. கெட்ட மனுஷன் இல்ல, பேப்பர் படிச்சுட்டு சொன்னாரு. நான் தலையாட்டிட்டு மீதிச் சில்லறை குடுத்தேன். சொல்லணும்னா சொல்லலாம். 2021-லேர்ந்து குடும்பத் தலைவருக்கு மாசம் 1500, மத்த பெரியவங்களுக்கு 1000, சின்னப் பிள்ளைங்களுக்கு 500 ரூபா குடுக்கிறாங்க, அதே வருஷம் அகதிகள் முகாம்ங்கிற பேரை மறுவாழ்வு முகாம்னு மாத்தினாங்க, வீடு கட்டித் தர்றாங்க, பிள்ளைங்க படிக்குது. பொங்கலுக்கு அரிசி, சீனி, முழுக்கரும்பு அறிவிக்கும்போது ரேஷன் அட்டைக்காரங்களோட சேத்து எங்களையும் போடுவாங்க, பேப்பர்ல அந்த வரியைத் தேடிப் பாத்துட்டுதான் அம்மா அடுப்பைப் பத்த வைப்பா. இதுக்கெல்லாம் நன்றி இல்லாம எப்படி.

ஆனா நன்றி சொல்லிட்டா கேக்க வேண்டியதைக் கேக்கக் கூடாதுன்னு எங்க இருக்கு? என் மக ராமநாதபுரத்துல பிறந்தவ, அவளுக்கு பேசாலை வீடியோ கால்ல மட்டும்தான் தெரியும். 2004 டிசம்பருக்கு அப்புறம் பிறந்தவங்களுக்கு அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும், இன்னொருத்தர் சட்டவிரோதமா வந்தவரா இருக்கக் கூடாது, நாங்க ரெண்டு பேருமே குடிமக்கள் இல்ல, அதனால அவளும் இல்ல. 2019-ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மூணு நாடுதான், இலங்கை இல்ல. இதே மண்டபம் முகாம்ல 1986-ல பிறந்த ஒருத்தங்க கோர்ட்டுக்கு போய் பாஸ்போர்ட் வாங்கி 2024 தேர்தல்ல ஓட்டும் போட்டாங்க, அவங்க 1987 ஜூலைக்கு முன்னாடி பிறந்ததால சட்டத்துல இடம் இருந்துது. அந்தச் செய்தி வந்த பேப்பரை மக மடிச்சு புத்தகத்துக்குள்ள வச்சிருக்கா. நான் எடுக்கச் சொல்லல.

என்னைக் கேட்டா, நாட்டுக்கு நன்றி சொல்றது கஷ்டம், அது எங்க நிக்குதுன்னு தெரியாது, ஆளுக்கு சொல்றது சுலபம். என்கிட்ட ஒரு லிஸ்ட் இருக்கு, கிறிஸ்துமஸுக்கு கேக் போற வீட்டு லிஸ்ட். எங்க ஊர் ரிச் கேக், மைதால செய்றதில்ல, ரவைல செய்றது. முந்திரி, பிளம்ஸ், இஞ்சிப்பாகு எல்லாம் பொடியா வெட்டி பிராந்தில ஊற வைக்கணும், முட்டை நிறைய போகும். அதுல நீத்துப்பூசணித் தோசி போடணும், அதாவது வெண்பூசணியை சீனிப்பாகுல போட்டு செய்ற இனிப்பு, அது இங்க எங்க கிடைக்கும்னு தேடித் தேடி, இல்லாமலே செஞ்சிட்டு இருந்தேன். ஒரு தடவ வடக்கேர்ந்து வந்த ஒரு அம்மா, மழைல மாட்டிக்கிட்டு கடைக்குள்ள ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க, டீ போட்டு குடுத்தேன், போகும்போது பையிலேர்ந்து ஒரு டப்பா எடுத்து கையில வச்சிட்டு போனாங்க. ஆக்ரா பேட்டா, அதுவும் பூசணில செய்ற இனிப்புதான். வாயில போட்டா அப்படியே எங்க தோசி! இப்ப மதுரைக்கு போறவங்ககிட்ட சொல்லி ஸ்வீட் கடைல வாங்கி வரச் சொல்றேன். அம்மா மட்டும் ‘ருசி பரவாயில்லை, ஆனா கொஞ்சம் காய்ஞ்சு போச்சு பிள்ளை’ன்னு குறை சொல்லாம சாப்பிட மாட்டா.

முதல் துண்டு அக்கா வீட்டுக்கு. அவங்க மாரியம்மனுக்கு விரதம் இருந்தா வாங்கி வச்சிட்டு அப்புறம் சாப்பிடுவாங்க. பாய்க்கு தனியா ஒரு தட்டு, பிராந்தி போடாம, தேனும் பேரீச்சம்பழமும் சேத்து, வேற பாத்திரத்துல. ஒவ்வொரு வருஷமும் ‘இதுல ஒண்ணும் இல்லையேம்மா’ன்னு கேட்டுட்டுதான் எடுப்பாரு, ஒவ்வொரு வருஷமும் வல்லாஹி மாதிரி ஒரு சத்தியம் பண்ணச் சொல்லி சிரிப்பாரு. அங்க பிடிபட்டு இருக்கிறவங்க வீடுகளுக்கும் போகும், அந்த வீட்டுப் பிள்ளைங்க வந்து வாங்கிட்டு போவும், நோட்டைப் பத்தி அன்னைக்குப் பேச்சு கிடையாது. 2022-ல இலங்கைல பால் மாவும் அரிசியும் வாங்க வழியில்லாம இங்க புதுசா வந்து சேந்த குடும்பங்க, அவங்கள்ல சிலர் லிஸ்ட்ல ஏறினாங்க, இப்ப அதுல ஒரு பொண்ணு வந்து முட்டை அடிச்சுக் குடுக்கிறா, கை வேகம் என்னைவிட நல்லா இருக்கு.

லிஸ்ட் நீளமாகிட்டே போகுது, அதுதான் பிரச்சனை. இந்த வருஷம் முந்திரி விலையைக் கேட்டுட்டு பாய்கிட்ட பாதி முந்திரி பாதி வேர்க்கடலை போட்டா என்னன்னு கேட்டேன். ‘அப்ப எனக்கு வேணாம்’னாரு. முந்திரியையும் கடன்லயே குடுத்து அனுப்பினாரு.