கவிழ்ந்து கிடக்கும் வில்லைகள்: பலகை விளையாட்டு, மூன்றாம் வடிவம்

கல்லூரியில் நல்ல கற்பித்தல் எது என்பதை ஆடிப் பார்த்துப் பேசுவதற்கு ஒரு பலகை விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். தொடங்கி ஏழு வாரம் ஆகிறது. முதல் இரண்டு வடிவங்களையும் கைவிட்டுவிட்டேன்.

முதலாவதில் நான்கு பேரும் ஆளுக்கொரு ஆசிரியர். பகடை உருட்டிக் காய் நகர்த்தி, ஒவ்வொரு அலகை முடிக்கும்போதும் புள்ளி வாங்க வேண்டும். அரை மணி நேரத்தில் அது பாடத்திட்டத்தை யார் முதலில் முடிப்பது என்ற ஓட்டப்பந்தயமாகிவிட்டது. மாணவர்கள் பலகையின் ஓரத்தில் வெறும் படங்களாக நின்றார்கள். இரண்டாவதில், சிக்கரிங், கேம்சன் என்ற இரு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1987இல் இளநிலைக் கல்விக்கு எழுதிய ஏழு கொள்கைகளை அட்டைகளாக்கினேன்: தாமதிக்காமல் பின்னூட்டம் தருவது, மாணவர்களைச் சேர்ந்து கற்க வைப்பது, இப்படி. அட்டை எடுத்தால் புள்ளி. வாசிக்க நன்றாக இருந்தது, ஆட ஒன்றும் இல்லை. எது நல்லது என்று அட்டையே சொல்லிவிட்டால் ஆடுபவர் யோசிக்க என்ன இருக்கிறது?

அப்புறம்தான் பிடிபட்டது. வகுப்பில் ஆசிரியரைத் திணறடிப்பது, யாருக்குப் புரிந்தது என்று முகத்தைப் பார்த்துத் தெரியாததுதான். அதையே விதியாக்கினேன்.

இப்போது போட்டி இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒரே வகுப்பை நடத்துகிறார்கள். ஆறு மாணவர்கள், 12 வாரம், வாரத்துக்கு 3 மணி நேரம், 18 தலைப்புகள். அட்டையில் வெட்டிய வில்லைகள் ஒரு பைக்குள் இருக்கும். முதுகுப் பக்கம் எல்லாமே சாம்பல் நிறம். முன்பக்கம் வெள்ளை என்றால் புரிந்தது, கறுப்பு என்றால் புரியவில்லை. ஒரு தலைப்பை விரிவுரையாகச் சொல்ல ஒரு மணி நேரம் செலவு; ஆறு வில்லைகளைப் பார்க்காமல் எடுத்து மாணவருக்கு ஒன்றாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். கேள்வி கேட்க இன்னொரு மணி நேரம். அப்போதுதான் திருப்பலாம். எல்லாத் தலைப்புக்கும் இரண்டையும் செய்தால் 36 மணி நேரமும் தீர்ந்துவிடும், கலந்துரையாட நேரமே மிஞ்சாது. எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும்.

கலந்துரையாடல் விதியை ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூரின் முறையிலிருந்து எடுத்தேன். அவர் வகுப்பில் ஒரு கேள்விக்கு மாணவர்கள் முதலில் தனித்தனியே பதில் சொல்வார்கள், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசி மறுபடி சொல்வார்கள். சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருக்கும்போதுதான் அந்தப் பேச்சு நன்றாகப் பலன் தரும் என்பது அவர் அனுபவம். ஆறு பேரில் அது இரண்டு முதல் நான்கு பேர். ஆகவே இரண்டு, மூன்று அல்லது நான்கு வெள்ளை இருந்தால் மட்டுமே கலந்துரையாடலாம். வெள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்பு வெள்ளையாகும். ஒரே ஒரு வெள்ளை என்றால் திரும்ப விளக்குவதைத் தவிர வழியில்லை.

பைக்குள் எத்தனை கறுப்பு போடுவது என்பதில் இரண்டு வாரம் போனது. ஃப்ரீமன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2014இல் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்தபோது, விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றிருந்தார்கள்; மாணவர் தாமே ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8. ஆறு பேருக்கு முதல் எண் ஏறக்குறைய இரண்டு பேர். விரிவுரை மட்டுமே நடத்தினால் சராசரியாக இரண்டு பேர் தோற்கும்வரை தனியாக உட்கார்ந்து ஆடி ஆடி வில்லைகளை மாற்றினேன்.

போன சனிக்கிழமை நண்பர்கள் ஆடினார்கள். வேகமாகப் போய், ஆறாம் வாரத்தில்தான் முதல் கேள்வி கேட்டார்கள். பல வருடம் கணிதம் நடத்திய அக்கா வில்லைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். கறுப்பு, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. அடிப்படைத் தலைப்பு கறுப்பாக இருந்தால் அதன் மேல் வரும் தலைப்பும் கறுப்புதான் என்பது விதி. விரலைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போய் இரண்டாம் தலைப்பில் நிறுத்தினார். “இங்கேயே கேட்டிருக்கணும்பா” என்றார், மெதுவாக. கடைசி மூன்று தலைப்புகளை விட்டுவிட்டுத் திரும்பிப் போகலாமா என்று நால்வரும் வாதாடியதில் காப்பி ஆறிப்போனது. “பாடத்தை முடிக்காம விடறது சரியா?” என்று ஒருவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவே இல்லை. இந்த வாதத்துக்காகத்தான் விளையாட்டையே செய்கிறேன், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

சரி, குறை என்ன என்றால், மாணவர்கள் இன்னும் வெறும் வில்லைகள்தான். அவர்களுக்கென்று முயற்சியோ தயக்கமோ இல்லை. அடுத்த ஆட்டத்தில் ஒருவர் மாணவர்கள் பக்கம் உட்கார்ந்து, யார் கையைத் தூக்குவது, யார் பேசாமல் இருப்பது என்று முடிவு செய்வார். அதற்கான ஆறு அட்டைகளில் நான்கை எழுதிவிட்டேன். புரியாமலே தலையாட்டும் மாணவனின் அட்டைதான் இன்னும் சரியாக வரவில்லை.