அச்சேறிய பிறகு மாற்ற முடியாது

வாட்ஸப்பில் புரளி கிளப்புகிறவர்கள் செய்கிற ஒரு வேலை எனக்கு ரொம்ப நாளாக வேடிக்கையாக இருக்கிறது. கையில் இருக்கிற பொய்யை வெறும் எழுத்தாக அனுப்பினால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியும். அதனால் அதை ஒரு 'பேப்பர் கட்டிங்' ஆக்கிவிடுவார்கள். லேசாகப் பழுப்பேறிய தாள், பத்தி பிரித்த எழுத்து, மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு, ஓரத்தில் கத்தரித்த அடையாளம் கூட இருக்கும். இப்படிப் படம் செய்து தருவதற்கென்றே இணையத்தில் கருவிகள் உண்டு. நாளிதழ் செத்துப்போய்விட்டது என்று தினமும் சொல்கிற அதே இணையத்தில், ஒரு பொய் தன்னை நம்பவைக்க நாளிதழ் வேஷம்தான் கட்டிக்கொள்கிறது.

அச்சு நாளிதழால் இன்னும் பயன் இருக்கிறதா என்று கேட்டால் நான் இருக்கிறது என்றுதான் சொல்வேன். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எனக்கு ஒத்துவராது. மை வாசனை, தாள் புரளும் சத்தம், காலை நேரத்து அமைதி, இதெல்லாம் பழக்கத்தின் சுகம், அவ்வளவுதான். அந்தப் பழக்கமே இல்லாத ஒருவரிடம் போய் மை வாசனையைப் பற்றிப் பேசினால் அவர் நம்மைப் பாவமாகப் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்தப் போட்டியில் அச்சு தோற்றது இணையத்திடம் இல்லை, வானொலியிடம்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு விஷயம். அச்சிட்டதை மாற்ற முடியாது.

1948 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்தது, அப்போதைய அதிபர் ட்ரூமனை எதிர்த்து டூவி நின்றார். சிகாகோவில் வெளிவந்த ட்ரிப்யூன் நாளிதழ், முடிவு முழுதாக வருவதற்கு முன்பே 'ட்ரூமனைத் தோற்கடித்தார் டூவி' என்று முதல் பக்கத்தில் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டது. அச்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்த சமயம், பக்கங்களை வழக்கத்தைவிட முன்கூட்டியே முடிக்க வேண்டிய நெருக்கடி. ஜெயித்தது ட்ரூமன். அவர் அந்தப் பிரதியை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் புகைப்படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். இதே தவறு இன்று ஒரு செய்தித் தளத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பத்து நிமிடத்தில் தலைப்பு மாறியிருக்கும். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால்தான் ஆதாரம் மிஞ்சும், அதையும் 'எடிட் செய்தது' என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ட்ரிப்யூன் பிரதிகளை யாராலும் திரும்பக் கூப்பிட முடியவில்லை, முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தத் தலைப்பு அந்தப் பத்திரிகையை விடவில்லை.

இதை நான் அச்சின் குறையாகச் சொல்லவில்லை. இரவு பக்கம் முடிக்கிற நேரத்தில் ஒரு உதவி ஆசிரியர் 'இது உறுதிதானா, நிருபரிடம் இன்னொரு தடவை கேளுங்கள்' என்று சொல்வதற்குக் காரணமே இந்த மாற்ற முடியாமைதான். போட்டுவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி இருக்கிற இடத்தில் அந்தக் கேள்வி மெல்ல மெல்லக் காணாமல் போகும். போகாமல் பார்த்துக்கொள்கிற தளங்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தலைப்பை நாலு விதமாக மாற்றிப் போட்டு எதற்கு அதிகக் கிளிக் விழுகிறது என்று பார்ப்பது இப்போது சாதாரண நடைமுறை. ஒரே செய்தியைக் காலையில் படித்த நீங்களும் மாலையில் படித்த நானும் ஒரே வாக்கியங்களைத்தான் படித்தோமா என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. 2012 வாக்கில் நியூஸ்டிஃப்ஸ் என்றொரு தளம் வந்தது. நியூயார்க் டைம்ஸ், சிஎன்என், பிபிசி போன்ற தளங்களில் ஒரு கட்டுரை வெளியான பிறகு அதில் எந்த வரி எப்போது மாறியது என்று பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. சில மாற்றங்கள் வெறும் எழுத்துப்பிழை. சில இடங்களில் கட்டுரையின் தொனியே திரும்பியிருக்கும், அதைப் பற்றிக் கீழே ஒரு வரி அறிவிப்புகூட இருக்காது.

(அச்சு இதழ்கள் திருத்தம் போடும் அழகு தெரிந்ததுதான். தவறு முதல் பக்கத்தில், வருத்தம் உள்ளே ஒரு மூலையில், அதுவும் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய அளவில். ஆனாலும் அந்த மூலையும் அச்சில் இருக்கிறது, தேடிக் கண்டுபிடித்துக் காட்டலாம்.)

மாற்றுவது ஒரு பக்கம், மொத்தமாகக் காணாமல் போவது இன்னொரு பக்கம். ப்யூ ஆராய்ச்சி மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடம் கழித்துத் திறக்கவில்லை. இணையத்தில் ஏறியது அழியாது என்று ஒரு பேச்சு உண்டே, அது நமக்கு வேண்டாத புகைப்படங்களுக்கு மட்டும்தான் பொருந்தும் போலிருக்கிறது. 2017 நவம்பரில் நியூயார்க்கின் உள்ளூர்ச் செய்தித் தளங்களான டிஎன்ஏஇன்ஃபோவையும் காதமிஸ்டையும் அவற்றின் உரிமையாளர் ஒரே நாளில் மூடினார். நிருபர்கள் சங்கம் அமைக்க வாக்களித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எந்தப் பழைய செய்தியின் இணைப்பைத் தட்டினாலும் உரிமையாளரின் கடிதம் மட்டும்தான் வந்து நின்றது. பிறகு எதிர்ப்பு கிளம்பி அந்தக் காப்பகம் திரும்பி வந்தது என்பது உண்மைதான். ஆனால் வருடக்கணக்கான உழைப்பு ஒருவருடைய விருப்பத்தில் மறையவும் தெரியவும் முடிகிறது என்பதே பயமாக இல்லையா?

ஹாங்காங்கில் சீன அரசை விமர்சித்துவந்த ஆப்பிள் டெய்லி நாளிதழை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் கைதாகி, கணக்குகள் முடக்கப்பட்டு, 2021 ஜூன் 24 அன்று கடைசி இதழ் வந்தது. பத்து லட்சம் பிரதிகள் அச்சிட்டார்கள், விடியும் முன்பே மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். இணையதளமும் செயலியும் அந்த நள்ளிரவோடு நின்றுவிட்டன. தன்னார்வலர்கள் முடிந்த வரை பக்கங்களைச் சேமித்தார்கள் என்றாலும், தளத்தை நிறுத்துவதற்கு யாரும் வீடு வீடாகப் போக வேண்டியிருக்கவில்லை. அந்தப் பத்து லட்சம் பிரதிகளை அழிக்க வேண்டுமென்றால் போக வேண்டும். தாளும் மக்கிப் போகும், செய்தித்தாளுக்குப் பயன்படுத்துவது மலிவான காகிதம், வெயில் பட்டால் மஞ்சளாகி உதிர்ந்துவிடும், எல்லாம் சரி. ஆனால் ஒரே பொருள் ஆயிரக்கணக்கான பேரிடம் தனித்தனியாக இருப்பது ஒரு பெரிய பாதுகாப்பு.

அடுத்தது, நாளிதழைப் படித்து முடித்துவிடலாம். கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு. இது சின்ன விஷயமாகத் தெரியலாம், எனக்கு இதுதான் இருப்பதிலேயே முக்கியம், இதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. பிரிட்டனின் இன்டிபென்டன்ட் நாளிதழ் 1986இல் தொடங்கியது, 2016 மார்ச்சில் அச்சை நிறுத்திவிட்டு முழுக்க இணையத்துக்குப் போனது. நீல் தர்மன், ரிச்சர்ட் ஃபிளெட்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் வாசகர்களுக்கு என்ன ஆனது என்று கணக்குப் பார்த்தார்கள். மாதத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்ற எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் பிரிட்டன் வாசகர்கள் அந்தப் பத்திரிகையோடு செலவிட்ட மொத்த நேரம் 81 சதவீதம் விழுந்துவிட்டது. கொஞ்சப் பேராக இருந்த அச்சு வாசகர்கள் ஒரு நாளைக்கு 37 முதல் 50 நிமிடம் வரை படித்துக்கொண்டிருந்தார்கள். இணைய வாசகர் சராசரியாகச் செலவிட்டது ஆறு நிமிடம், ஒரு நாளைக்கு இல்லை, ஒரு மாதத்துக்கு. அச்சு நின்றதும் அந்தப் பழைய வாசகர்கள் திரையில் வந்து முக்கால் மணி நேரம் உட்காரவில்லை. வேறு எங்கோ போய்விட்டார்கள், அல்லது படிப்பதையே விட்டுவிட்டார்கள்.

நிர்வாகத்துக்கு இதில் நஷ்டமில்லை, செலவு குறைந்து கணக்கு லாபத்துக்கு வந்தது. நஷ்டம் செய்திக்குத்தான். அந்த முக்கால் மணி நேரத்தில் ஒருவர் தனக்குப் பிடித்ததை மட்டும் படித்திருக்க மாட்டார். விளையாட்டுப் பக்கத்தைத் தேடிப் போகும் வழியில் ஒரு ஆற்று நீர் வழக்கு, ஒரு அமைச்சரின் பதில், தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வெளிநாட்டுச் சண்டை எல்லாம் கண்ணில் பட்டிருக்கும். போன் இதைச் செய்வதில்லை. நான் எதில் இரண்டு விநாடி கூடுதலாக நின்றேன் என்று பார்த்து அதையே திரும்பத் திரும்பக் கொண்டுவந்து கொட்டுகிறது. கட்டை விரல் வலித்தால்தான் நிறுத்த வேண்டும். ஒரு செய்தியைப் படித்து முடிப்பதற்குள் மேலிருந்து மூன்று நோட்டிஃபிகேஷன் இறங்கிவிடுகிறது. அரை மணி நேரம் தள்ளிவிட்டு என்ன படித்தாய் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது, ஏதோ கோபமாக இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

அதற்காக அச்சுக் காலத்தைப் பொற்காலமாக்கவும் நான் தயாரில்லை. எது முதல் பக்கம், எது குப்பைத்தொட்டி என்று ஒரு சிறு கூட்டம் முடிவு செய்தது. பெரிய விளம்பரதாரருக்கு வலிக்கும் செய்தி உள்ளே போனது, அல்லது வரவே இல்லை. வாசகர் மறுத்துப் பேச வேண்டுமென்றால் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதையும் வெட்டித்தான் போடுவார்கள். 2016இல் பனாமா ஆவணங்கள் வந்தனவே, வெளிநாட்டு நிறுவனங்களின் பெயரில் பணத்தை ஒளித்தவர்களைக் காட்டிக்கொடுத்த கசிவு, 1 கோடியே 15 லட்சம் கோப்புகள், பல நாடுகளின் நிருபர்கள் ஒன்றாக உட்கார்ந்து அலசியது. இணையமும் கணினித் தேடலும் இல்லாமல் அது நடந்தே இருக்காது. மூல ஆவணத்தையே வாசகர் முன் வைக்கும் வசதியும் தாளுக்குக் கிடையாது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது. நாளிதழை ஓட்டியது வாசகர் தரும் காசு இல்லை. வேலை, வீடு, திருமணம், பழைய வண்டி என்று வந்த வரிவிளம்பரங்களும் பெரிய நிறுவனங்களின் விளம்பரங்களும்தான். கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற தளங்கள் முதல் வகையை இலவசமாக்கின, கூகுளும் ஃபேஸ்புக்கும் இரண்டாவதை எடுத்துக்கொண்டன. அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருமானம் 2005இல் சுமார் 4,900 கோடி டாலர். 2020இல் அது 1,000 கோடிக்கும் கீழே. இந்தப் பள்ளத்தில் விழுந்தது காகிதம் மட்டுமில்லை, நகராட்சிக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த நிருபரும்தான். அந்தக் கூட்டத்தைப் பற்றி எந்த இன்ஃப்ளுயன்சரும் வீடியோ போடப்போவதில்லை.

வியன்னாவின் வீனர் ஸைடுங் பத்திரிகை 1703இல் தொடங்கியது. நிறுவனங்கள் அதில் கட்டணம் கட்டி அறிவிப்பு வெளியிட வேண்டும் என்ற சட்டத்தை ஆஸ்திரிய அரசு எடுத்துவிட, 2023 ஜூன் 30 அன்று தன் கடைசித் தினசரி அச்சு இதழை வெளியிட்டது. '320 ஆண்டுகள், 12 அதிபர்கள், 10 பேரரசர்கள், 2 குடியரசுகள், 1 செய்தித்தாள்' என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். பேரரசர்களையும் இரண்டு உலகப் போர்களையும் பார்த்துவிட்ட ஒன்றை ஒரு சட்டத் திருத்தம் முடித்துவைத்தது. (நாஜிக்கள் காலத்தில் அது சில வருடம் நிறுத்தப்பட்டிருந்தது, திரும்பி வந்தது. வருமானம் நின்றபோதுதான் தினசரியாகத் திரும்ப வழியில்லாமல் போனது.)

மின்சாரம் போய், டவர் விழுந்து, போன் வெறும் கண்ணாடித் துண்டாகும் நாட்களும் உண்டு. 2011 மார்ச்சில் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது இஷினோமாகி ஹிபி ஷிம்புன் என்ற சின்னப் பத்திரிகையின் அச்சு இயந்திரம் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. நிருபர்கள் தடிமனான பேனாவை எடுத்துப் பெரிய தாள்களில் கையால் செய்தி எழுதி முகாம்களில் ஒட்டினார்கள், ஆறு நாட்கள். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே சுவரில் ஒரே தகவலைப் படித்தார்கள். எனக்கு ஒரு மாதிரி, உனக்கு ஒரு மாதிரி என்று அதில் இல்லை.

இனி என்ன நடக்கும் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகமில்லை. தினசரி அச்சு பல இடங்களில் நிற்கும். கனடாவில் மாண்ட்ரியலின் லா பிரெஸ் நாளிதழ் 2016இல் வார நாட்களின் அச்சை நிறுத்தி, சனிக்கிழமை இதழை மட்டும் இன்னும் கொஞ்ச காலம் வைத்திருந்து, பிறகு அதையும் விட்டது. இன்னும் பல இதழ்கள் இதே படிக்கட்டில் இறங்கும். நான் கேட்பதெல்லாம், இறங்கும்போது அச்சின் கட்டுப்பாடுகளைக் கையோடு எடுத்துப் போங்கள் என்றுதான். ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே எந்த வரி எப்போது மாறியது என்ற முழு வரலாற்றை, விக்கிப்பீடியா காட்டுகிற மாதிரி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வையுங்கள். தினமும் ஒரு பதிப்பு, அதற்கு ஒரு கடைசிப் பக்கம், எல்லோருக்கும் ஒரே வரிசை. அந்தப் பதிப்பின் பிரதியை உங்கள் சர்வருக்கு வெளியே நாலு நூலகங்களிலாவது கொடுத்து வையுங்கள். இப்படி ஒரு தளம் இருந்தால் சொல்லுங்கள், சந்தா கட்டிவிடுகிறேன். அது கிடைக்கிற வரைக்கும் எனக்குத் தாளே போதும், நேற்றைய செய்தியாகவே இருந்தாலும்.