ஆய்விதழின் இணையப் பதிப்பு: ஒரே பதிவா, இரண்டு பதிவா?

சென்னைக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி'யின் பைண்டு செய்த தொகுதிகள் அலமாரியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதே இதழ் அதன் சொந்தத் தளத்திலும் கிடைக்கிறது, ஜேஸ்டோர் என்ற மின் இதழ்க் களஞ்சியத்திலும் கிடைக்கிறது. நூலகத்தின் இணையப் பட்டியலான ஓபாக்கில் இதற்கு எத்தனை பதிவு?

தேடி வரும் மாணவருக்கு வேண்டியது '1987 இதழ் எங்கே?' என்பதற்குப் பதில். அச்சா இணையமா என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். அதனால் அலமாரியில் இருக்கும் இதழ்களைக் கையால் பட்டியலிடும் நூலகத்துக்கு ஒரே பதிவுதான் சரி. பதிப்பகம் ஆயிரக்கணக்கில் அனுப்பும் மார்க் பதிவுகளை (கணினி படிக்கும் நூற்பட்டியல் வடிவம்) மொத்தமாக ஏற்றுவதாக இருந்தால் தனிப் பதிவு. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற மத்திய அரசுத் திட்டத்தின் வழியாக 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்ட பிறகு, அத்தனையையும் கையால் செய்ய எந்த நூலகத்திலும் ஆள் கிடையாது.

ஒரே பதிவு என்றால், அது அச்சு இதழின் பதிவு. மார்க்கில் ஒவ்வொரு விவரத்துக்கும் எண்ணிட்ட ஒரு புலம், அதற்குள் துணைப்புலங்கள். 022-இல் அச்சு ஐஎஸ்எஸ்என் (இதழை அடையாளம் காட்டும் எண்: 0012-9976). இணைய வடிவமும் உண்டு என்று 530-இல் ஒரு வரிக் குறிப்பு. இணைய ஐஎஸ்எஸ்என் (2349-8846) இன்னொரு வடிவத்தைச் சுட்டும் 776-இன் எக்ஸ் துணைப்புலத்துக்குப் போகும். அதையும் 022-இன் முதல் துணைப்புலத்தில் சேர்த்து எழுதுவது பரவலான பழக்கம். எழுதினால் அந்தப் பதிவு எந்த வடிவத்தை விவரிக்கிறது என்பதே குழம்பிவிடும். இணைப்புக்கு 856, அதன் இன்டிகேட்டர்கள் (புலத்தின் தொடக்கத்தில் வரும் இரண்டு குறியீட்டு இலக்கங்கள்) 4, 1. இரண்டாவதாக வரும் 1, 'இதே படைப்பின் இன்னொரு வடிவம்' என்று சொல்கிறது. 0 போட்டால் அந்தப் பதிவே இணைய இதழுக்கானது என்று பொருள்.

பெரும்பாலான சொதப்பல் இந்த 856-இல்தான். முகவரியை மட்டும் யு துணைப்புலத்தில் ஒட்டிவிட்டுப் போனால், கோஹா நூலக மென்பொருள் 'ஆன்லைனில் பார்க்க இங்கே சொடுக்கவும்' என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டும். இரண்டு தளம் இருந்தால் அதே வரி இரண்டு முறை. எதில் 1987 இருக்கிறது என்று எப்படித் தெரியும்? துணைப்புலம் 3-இல் ஆண்டு வீச்சை எழுதுங்கள்: 'தொகுதி 1 (1966) முதல்'. வளாகத்துக்குள் மட்டும் திறக்கும் என்பது போன்ற நிபந்தனை இசட் துணைப்புலத்துக்கு. தேடல் முடிவுப் பக்கத்திலிருந்து எடுத்த நீள முகவரி மறுநாளே செத்துப்போகலாம். இதழின் முகப்புப் பக்க முகவரியையே எடுங்கள்.

பெயர் மாறிய இதழ் என்றால் கூடுதல் கவனம் தேவை. இந்த இதழே 1949-இல் 'எக்கனாமிக் வீக்லி'யாகத் தொடங்கி, 1966-இல் இன்றைய பெயரில் வந்தது. இதழின் தளத்தில் இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும். அதற்காகப் பட்டியலிலும் ஒன்றாக்கக் கூடாது. தலைப்புக்கு ஒரு பதிவு, முந்தைய, பிந்தைய தலைப்புகளைச் சுட்டும் 780-785 வழியாகப் பிணைப்பு, பழைய தலைப்பின் பதிவிலும் அதன் ஆண்டுகளுக்கு உரிய 856.

தனிப் பதிவில் எல்லாம் தலைகீழ். 022-இல் இணைய ஐஎஸ்எஸ்என், 776-இல் அச்சினுடையது, 008-இன் 23-ஆம் இடத்தில் இணைய வடிவத்தைக் குறிக்கும் 'ஓ' என்ற ஆங்கில எழுத்து, 856-இன் இரண்டாம் இன்டிகேட்டர் 0. அச்சுப் பதிவிலிருந்தும் 776 திரும்பி வர வேண்டும். எத்தனை தளத்தில் கிடைத்தாலும் இணைய இதழுக்குப் பதிவு ஒன்றே. இதழ்களைப் பட்டியலிடும் நூலகங்களின் கூட்டுத் திட்டமான கான்சரில் 2003 முதல் நடைமுறை அதுதான். இதழ்கள் தொகுப்பு விட்டுத் தொகுப்பு தாவும், விவரணையில் தளத்தின் பெயரை எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மொத்தமாக ஏற்றும்போது, புதிய பதிவு எந்தப் பழைய பதிவோடு சேரும் என்று முடிவு செய்யும் பொருத்த விதியை ஐஎஸ்எஸ்என்னில் வைக்காதீர்கள். பதிப்பகம் தரும் மின் பதிவுகளில் அச்சு எண்ணே 022-இல் உட்கார்ந்திருப்பது சகஜம். 'பழையதை மாற்று' என்று கொடுத்திருந்தால் அது உங்கள் அச்சுப் பதிவின் மேல் ஏறி, நீங்கள் 866-இல் எழுதிய இருப்பு விவரத்தையும் துடைத்துவிடும். 001 அல்லது 035-இல் உள்ள கட்டுப்பாட்டு எண்ணை வைத்துப் பொருத்துங்கள். இன்னொன்று: பிரதி சேர்க்காத பதிவுக்கு கோஹா 'பிரதி இல்லை' என்று காட்டும். மாணவர் அதோடு திரும்பிவிடுவார். அந்த வாசகத்தை மாற்றுங்கள், அல்லது 'இணையத்தில்' என்ற வகையில் ஒரு பிரதி சேருங்கள்.

எந்த இதழின் எந்த ஆண்டுகள் கிடைக்கும் என்று பதிப்பகம் தரும் கேபார்ட் பட்டியலில் தடைக்காலக் குறியீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'பி1ஒய்' என்றால் கடைசி ஓராண்டு இதழ்கள் கிடைக்காது. 'ஆர்1ஒய்' என்றால் கடைசி ஓராண்டு மட்டும்தான் கிடைக்கும். இரண்டையும் மாற்றிப் படித்தால் ஆண்டு வீச்சு முழுக்கத் தப்பு.

இணைப்புகளைச் சோதிக்க கோஹாவிலேயே நிரல் உண்டு. ஆனால் பணம் கேட்கும் பக்கம் வந்தாலும் அது 'சரி' என்றே சொல்லும். சந்தா புதுப்பித்த பிறகு, வீச்சின் முதல் ஆண்டிலும் கடைசி ஆண்டிலும் ஒரு கட்டுரையின் பிடிஎஃப்பைத் திறந்து பார்ப்பதுதான் நம்பகமான வழி. சந்தா நின்று, பழைய ஆண்டுகளுக்கு மட்டும் நிரந்தர அனுமதி இருந்தால் 856-ஐ அழிக்க வேண்டாம். '2015 முதல்' என்று இருப்பதை '2015–2024' என்று மூடினால் போதும்.