வருடத்துக்குப் பதின்மூன்று மாதம்

சிட்னியில் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்திலேயே வாங்கிய சிம்மை இரண்டரை வருடம் வைத்திருந்தேன். 28 நாளுக்கு 45 டாலர். அன்றைக்கு என்ன விலை சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன். பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன் என்று கோவில்பட்டிக்குச் சொன்னால் போதும் என்றிருந்தது.

காபி குடித்தாலும் முடி வெட்டினாலும் ரூபாயில் பெருக்கிப் பார்த்துக் கலங்கிய காலம் அது. இந்த 45-ஐ மட்டும் பெருக்கிப் பார்த்ததே இல்லை. ஆட்டோ ரீசார்ஜ், கார்டிலிருந்து தானாகப் போய்விடும், கண்ணில் படாது. ஒருமுறை வங்கிக் கணக்கைப் பார்த்தபோதுதான் ஒரே மாதத்தில் இரண்டு தடவை போயிருந்தது தெரிந்தது. 2ஆம் தேதி ஒன்று, 30ஆம் தேதி இன்னொன்று. ஊரிலும் இதே 28 நாள் வித்தைதான், பழகியும் ஏமாந்திருக்கிறேன். வருடத்துக்கு 13 தடவை, 585 டாலர். டேட்டா எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தால், கொடுப்பது 50 ஜிபி, நான் தொடுவது 7. வீட்டில் வைஃபை, ஆபீஸில் வைஃபை, நடுவில் ரயிலில் தூக்கம்.

இங்கே சொந்த செல்போன் கோபுரங்களோடு நாடு முழுக்கச் சேவை தருபவை மூன்றுதான்: டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ், வோடஃபோன். மற்றவர்கள் இவர்களிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்பவர்கள். மளிகைக் கடைகளே சிம் விற்கின்றன. ஆல்டி, வூல்வொர்த்ஸ் சிம்கள் டெல்ஸ்ட்ரா கோபுரத்தில் ஓடுகின்றன, கோல்ஸ் ஆப்டஸில். லெபாரா மளிகைக் கடை இல்லை, சிம் கம்பெனி, அது வோடஃபோனில். ஒரு நுணுக்கம் உண்டு. டெல்ஸ்ட்ரா தன் முழு வலையையும் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. பூஸ்ட் என்ற சிம்முக்கு முழுசாகக் கிடைக்கிறது. ஆல்டி போன்றவற்றுக்கு அதைவிடச் சின்ன வலை. பரமட்டாவிலிருந்து சிட்னி நகரத்துக்கு ரயிலில் போய்வரும் எனக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. ப்ளூ மவுண்டன்ஸ் தாண்டி டப்போ பக்கம் அடிக்கடி கார் ஓட்டுகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான்கு மாதம் மாறாமல் இருந்தேன். காரணம் பயம்தான். வங்கி, மைகவ் என்ற அரசு இணையதளக் கணக்கு, வீட்டு ஏஜெண்ட், மகனின் பள்ளி என்று எல்லா இடத்திலும் 04-இல் தொடங்கும் அந்த மொபைல் நம்பர்தான் இருக்கிறது. அது போனால் இந்த நாட்டில் நான் யாருமில்லை. நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி இங்கே 2001-லேயே வந்துவிட்டது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

பெண்டில் ஹில்லில் நாங்கள் அரிசி வாங்கும் கடையில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருக்கிறார். பேச்சுவாக்கில் சொன்னபோது அவர்தான் தைரியம் தந்தார். "பழசை நீங்களாக் கான்சல் பண்ணிப்போடாதேங்கோ தம்பி, நம்பரும் சேர்ந்து போயிடும். புதுசு வேலை செய்தாப் பிறகு அது தன்பாட்டில சாகும். ஆனா ஆட்டோ ரீசார்ஜை முதல்லயே நிப்பாட்டுங்கோ." பிறகு நான் படித்த எந்த விளக்கமும் இதைவிடத் தெளிவாக இல்லை.

ரீசார்ஜ் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மாறினேன். பழைய சிம்மில் மிச்சமிருக்கும் பணமோ டேட்டாவோ கூடவே வராது. வருடம் முழுவதற்குமான சிம் 220 டாலருக்குக் கிடைத்தது, இந்தியாவுக்குப் பேசுவதும் அதில் அடக்கம். சூப்பர் மார்க்கெட்டுகளில் ஸ்டார்ட்டர் பேக்குகளுக்கு அவ்வப்போது தள்ளுபடி போடுவார்கள், அவசரமில்லாதவர்கள் காத்திருக்கலாம். ஊரில்போல 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிக் குறியீடு வாங்கும் வேலை இல்லை. புது சிம்மைப் பதியும்போதே பழைய நம்பரையும் பிறந்த தேதியையும் கேட்டார்கள். பழைய சிம்முக்கு ஒரு எண் வந்தது. அதைத் தட்டினேன். அவ்வளவுதான். நம்பரைத் திருட வருபவர்களைத் தடுக்க 2020-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது.

சிம் ஊசி மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. மனைவியின் தோட்டைக் கழற்றி வாங்கித்தான் போனைத் திறந்தேன்.

எங்களுக்குத் தெரிந்த ஒருவர் சென்னையில் வாங்கிய பழைய போனில் இதே மாதிரி புது சிம் போட்டு, அழைப்பே போகவில்லை என்று சிம்மைத் திட்டிக்கொண்டிருந்தார். குற்றம் போனுடையது. 2024 அக்டோபர் கடைசியில் இங்கே 3ஜியை அணைத்துவிட்டார்கள். 4ஜியில் அவசர எண் 000-க்குப் பேச முடியாத போன்களை வலையில் சேர்ப்பதே இல்லை.

எனக்குப் பழைய சிம் செத்துப் புது சிம்முக்கு உயிர் வர நாற்பது நிமிடம் ஆனது. சனிக்கிழமை, இங்கே பதினொன்றரை, அங்கே ஏழு. அம்மா மிஸ்டு கால் கொடுக்கும் நேரம். பட்டன் போன்தான், வாட்ஸ்அப் கிடையாது. அவர் ஒரு மணி அடித்து வைத்தால் நான் கூப்பிட வேண்டும். சிக்னல் வந்ததும் முதல் அழைப்பு அவருக்குத்தான்.

"எவளோ இங்கிலீஷ்ல பேசுதா. மூணு தடவை போட்டேன். என்னடா ஆச்சு?"

விஷயத்தைச் சொன்னேன். மிச்சம் எவ்வளவு என்று கேட்டார். வருடத்துக்கு இருபதாயிரம் ரூபாய் வரும் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப இம்புட்டு நாளா சும்மாவா குடுத்த?"

அங்கே மழை உண்டா என்று கேட்டேன்.