மூக்கடைச்ச நாயனம்

"மல்லாரி புதுசு தம்பி, நல்லாதான் கட்டியிருக்கீங்க. ஆனா நாயனம் மூக்கடைச்ச மாதிரி இருந்துச்சே."

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயிலில், சாமி புறப்பாடு முடிந்ததும் பால்மரம் வெட்டிக் கை காய்த்துப்போன ஒரு பாட்டி சொன்னது. சுருக்கென்று தைத்தது. நான் நாதஸ்வரத்தில் வாசித்தது சாமி புறப்பாட்டுக்கு உரிய மல்லாரி, கம்பீரநாட்டை ராகம். மூன்று காலமும் திஸ்ரமும் கணக்குப் பிசகாமல் வந்தன. ஆனாலும் பாட்டி சொன்னதுதான் சரி. குற்றம் சீவாளியில், நாயனத்தின் முனையில் செருகி வாயில் வைத்து ஊதும் தட்டையில்.

குழல் நரசிங்கம்பேட்டை ஆச்சா மரம். 2022-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ச் சரக்கு. மரம் இந்த ஊர் ஈரத்தைத் தாங்கிக்கொள்கிறது. சீவாளி கட்டும் கொறுக்கைத் தட்டைதான் தாங்காது. எச்சிலில் அளவாக நனைந்தால்தான் அது பேசும். இங்கே சாயங்கால மழையும் செம்பனைக் காட்டு ஈரமும் சேர்ந்து, வாயில் வைக்குமுன்பே ஊறிக் கிடக்கும். ஊறினால் விறைப்புப் போகும், மேல் ஸ்தாயியில் சுரம் தொங்கும். உதட்டை இறுக்கிச் சமாளிக்கப் பார்த்தால் சீவாளியின் வாய் இன்னும் ஒட்டிக்கொள்ளும். பாட்டியின் காதில் விழுந்தது அதுதான்.

புதிதாக வரும் நாயனக்காரர்களுக்கு: வாசித்த சீவாளியை ஈரத்தோடு டப்பாவில் மூடாதீர்கள், பூசணம் பிடிக்கும். துடைத்து, நூலில் கோத்துக் காற்றாடத் தொங்கவிடுங்கள். கொத்தில் ஐந்தாறு இருக்கட்டும். அதில் இரண்டு நல்ல விறைப்பாக, பாதியில் மாற்றிக்கொள்ள. ஊசியால் வாயை விரிக்கும்போது அவசரப்பட்டால் பிளந்துவிடும். சுருதி இறங்கினால் கெண்டையில், அதாவது சீவாளியைக் குழலோடு சேர்க்கும் சின்ன உலோகக் குழாயில், சுற்றிய நூலைக் குறைத்துச் சற்று உள்ளே தள்ளுங்கள். குளிரூட்டிய கல்யாண மண்டபத்தில் தட்டை காய்ந்து விறைக்கும், குழல் குளிர்ந்து சுருதி விழும், சுருதிப்பெட்டி மட்டும் அசையாது. அதனால் ஆரம்பிக்குமுன் சிறிது நேரம் ஊதிக் குழலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

தவிலுக்கு இத்தனை பாடில்லை. வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், தொய்ந்தால் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் போதும். உறுமி மேளத்துப் பையன்கள் தப்பைத் தீயில் காட்டிவிட்டு வந்து அடிக்கிறார்கள். சீவாளியைத் தீயில் காட்ட முடியுமா?

காற்று பழகிவிட்டது என்றுதான் ஊருக்குப் போனில் சொல்வது. கொத்தில் இரண்டே இரண்டு மிஞ்சும்போது மனம் சீவாளி கட்டும் ஊரான திருவாவடுதுறைக்கு ஓடிவிடுகிறது. அங்கே என்றால் பஸ் ஏறிப் போய், கட்டுகிறவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்துப் பொறுக்கி எடுக்கலாம். இங்கே யாரோ ஒருவர் பெட்டியில் வருகிறது. வந்ததில் பாதிதான் பேசுகிறது.

தேத்தண்ணிக் கடையில் மறுநாளும் அதே பேச்சு. உறுமிதான் தோட்டத்துச் சாமிக்கு உயிர் என்றார் ஒருவர். மல்லாரி இல்லாமல் சாமி வாசல் தாண்டக்கூடாது என்றார் இன்னொருவர். பாட்டி இரண்டு பேச்சிலும் சேரவில்லை. வர்ற வெள்ளிக்கிழமை அதே மல்லாரியை மறுபடி வாசிக்கச் சொன்னார்.

சன்னல் கம்பியில் இரண்டு சீவாளி காய்கின்றன.