கடைசிப் பாட்டு ஐந்தாவதாக வந்த கதை

2007 ஒக்டோபரில் றேடியோஹெட் இசைக்குழு தனது ஏழாவது அல்பமான ‘இன் றெயின்போஸ்’ என்பதை எந்த இசை நிறுவனத்தின் துணையுமின்றித் தன் இணையத்தளத்திலேயே வெளியிட்டபோது, நான் மட்டக்களப்பில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். விலையை வாங்குபவரே தீர்மானிக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். பூச்சியம் என்று எழுதினாலும் தருவார்கள். என்னிடம் மட்டுமல்ல, எங்கள் வீட்டில் எவரிடமும் கடனட்டை இருக்கவில்லை. அதுவரை இலண்டனில் வெளியாகும் ஓர் அல்பம் எங்களூருக்கு வரவேண்டுமானால், கொழும்பில் படிக்கும் யாராவது விடுமுறைக்கு வரும்போது பிரதி செய்த இறுவட்டாகக் கொண்டுவர வேண்டும். அதிலும் பாதிப் பாட்டுகள் கீறல் விழுந்து திக்கும். இந்த முறை பூச்சியம் எழுதிய எனக்கும் பவுண் கட்டிய இலண்டன்காரனுக்கும் ஒரே வாரத்தில் ஒரே கோப்புத்தான் கிடைத்தது.

நகரில் நான் வழமையாகப் போகும் இணையக் கடையின் அண்ணன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன மனே, சும்மா தாறாங்களா? வைரஸ் வந்தா நீதான் திருத்தித் தரணும்” என்றார். பத்துப் பாட்டுகளும் சேர்ந்த கோப்பு ஏறத்தாழ 48 மெகாபைட். எழுபது வீதத்தில் இணைப்பு அறுந்து, மீண்டும் முதலிலிருந்து இறங்கத் தொடங்கி, இரண்டாம் நாள் மாலைதான் முழுதாகக் கைக்கு வந்தது. (இரண்டாம் நாள் அவர் பாதிக் காசுதான் எடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

கடை மூடும் நேரம் ஆகிவிட்டதால், அவசரத்தில் கண்ட கண்ட ஒழுங்கில் ஒவ்வொரு பாட்டாக இழுத்து என் எம்பி3 கருவிக்குள் போட்டேன். அந்த மலிவுக் கருவி பெயரையோ இலக்கத்தையோ பார்ப்பதில்லை. எது முதலில் ஏறியதோ அதையே முதலில் பாடும். ஆகவே, அல்பத்தின் கடைசிப் பாட்டான ‘வீடியோடேப்’ எனக்கு ஏறத்தாழ ஒரு வருட காலம் ஐந்தாவதாகவே ஒலித்தது. அது அடங்கிய கையோடு ‘பொடிஸ்னாச்சர்ஸ்’ கிற்றார் உறுமலோடு பாயும். சாவீட்டு முற்றத்தில் இருந்தவரைப் பிடித்துக் கலியாணப் பந்தலுக்குள் தள்ளியதுபோல இருக்கும். இப்படித்தான் அவர்கள் திட்டமிட்டிருக்கிறார்கள் என்று நம்பி, அதற்கு நண்பர்களிடம் நீண்ட விளக்கமும் கொடுத்திருக்கிறேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பிறகொரு நாள் நண்பன் ஒருவனின் கணினியில் அதைச் சரியான ஒழுங்கில் கேட்டேன். முதலில் ‘15 ஸ்டெப்’. ஐந்து ஐந்தாக எண்ணவேண்டிய தாளம். மிருதங்கம் பழகிக்கொண்டிருந்த அவனுடைய தங்கை சற்றுநேரம் கேட்டுவிட்டுத் தொடையில் தட்டி, “தகதகிட, கண்டம்தானே” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியாத தடுமாற்றத்தோடு தொடங்கும் அந்த அல்பம், ஒன்பது பாட்டுகளைக் கடந்து, பியானோவில் ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் ‘வீடியோடேப்’பில் வந்து அமர்கிறது. சாகப்போகும் ஒருவன் ஒளிநாடா வழியாக விடைபெறும் பாட்டு அது. நடுவில் வந்தபோது அது இன்னுமொரு சோகப் பாட்டாக மட்டுமே இருந்தது. கடைசியில் வந்தபோது, அதற்கு முன்னே கேட்ட ஒன்பதும் அந்த நாடாவில் அவன் பதிந்துவைத்தவை என்று எனக்குப் பட்டது.

அன்று பிடித்த வழக்கம் இன்றுவரை விடவில்லை. ஓர் அல்பத்தை முதல் தடவை கேட்பதானால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, எதையும் தாண்டாமல் கேட்பேன். இந்தப் பிடிவாதத்தை நான் றொக் இசையிலிருந்து கற்கவில்லை. சிறுவயதில் அம்மம்மாவோடு பாயும் தலையணையும் சுமந்துகொண்டு கூத்துப் பார்க்கப் போவோம். வட்டக்களரியில் ஒவ்வொருவராக வரவுப் பாட்டோடு ஆடி வந்து முடிவதற்குள் எனக்குக் கண் சொருகிவிடும். பின்னிரவில் மத்தளச் சத்தம் உயர்கையில் திடுக்கிட்டு விழிப்பேன். அரசன் அதே அரசன்தான், குரல் மட்டும் கம்மிப்போயிருக்கும். சண்டைக் கட்டத்தை முதலில் போடுங்கள் என்று, கூத்தை நடத்தும் அண்ணாவியாரிடம் போய்க் கேட்டவர்களை நான் கண்டதில்லை. மங்களம் பாடும்போது வெளுத்துவிடும்; தூங்கிப்போன நேரத்தையும் சேர்த்தே கூத்துப் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்வோம். பிடிக்காத பாட்டைத் தாண்டாமல் இருப்பதற்கு எனக்குள்ள நியாயம் இவ்வளவே.

கேட்கும் இடம் பெரும்பாலும் கல்லடிக் கடற்கரை. அங்கிருந்து நாவலடிப் பக்கமாக நடந்து திரும்பினால் ஓர் அல்பம் முடிந்துவிடும். ஆர்கேட் ஃபயர் என்ற மொன்றியல் குழுவின் ‘ஃபியூனரல்’ என்பதை அப்படித்தான், அது வெளியாகிப் பல ஆண்டுகள் கழித்துக் கேட்டேன். பதிவு நடந்த காலத்தில் குழுவினரின் உறவினர் சிலர் இறந்துபோனதால் வைத்த பெயர் அது. முதல் ஐந்து பாட்டுகளில் நான்குக்கு ‘நெய்பர்ஹூட்’ என்ற ஒரே தலைப்பு. இலக்கம் மட்டும் மாறும். எங்கள் வழக்கில் அயல். பனி மூடிய அயலைப் பற்றிய பாட்டு, வெயிலில் மணல் சுடும் எனக்கு எப்படி ஒட்டப்போகிறது என்ற எண்ணத்தோடுதான் தொடங்கினேன். ஆனால் அந்த அல்பம் வந்தது 2004 செப்டெம்பரில். அதே ஆண்டு டிசெம்பர் 26 அன்று கடல் நாவலடியின் அயலையே அள்ளிக்கொண்டு போனது. மூன்றாம் இலக்கப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில், வீடில்லாத ஒரு வளவில் கிணற்றுக்கட்டு மட்டும் நிற்பதைப் பார்த்தேன். வாளி கட்டும் கயிறு உரசி விளிம்பில் விழுந்த தடம்கூட அப்படியே இருந்தது. அந்த அல்பத்தின் பின்பாதியில் எல்லாரும் சேர்ந்து உரத்துப் பாடும் ஆரவாரம் எனக்குச் சற்று அதிகம்தான். இருந்தும் முதல் ஐந்தையும் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடும் மை பிளடி வலன்டைன் குழுவின் ‘லவ்லெஸ்’ (1991) நெடுநாள் எனக்குப் பிடிபடவில்லை. காதுக்குள் செருகும் சின்ன ஹெட்செற்றில் அது ஈரச்சாக்குக்குள் இருந்து வரும் சத்தம்போல இருந்தது. கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் என் மாமாவின் வீட்டில், அவருடைய பெரிய பெட்டிகளில் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் நிமிடத்தில் மாமா சமையலறையிலிருந்து ஓடிவந்து, “மருமகன், நிப்பாட்டுங்க! பொக்ஸ் கிழிஞ்சு போச்சு” என்றார். பெட்டிக்கு ஒன்றுமில்லை, பதிவே அப்படித்தான் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அன்றுதான் எனக்கு அந்த அல்பம் விளங்கியது: கிற்றாரின் சுருதி சரிந்து சரிந்து மீள்வதை நெஞ்சுக்கூட்டில் வாங்கிக்கொள்ள வேண்டும், காது மட்டும் போதாது.

இதற்கு நேரெதிரானது பொன் ஐவர் என்ற பெயரில் ஜஸ்ரின் வேர்னன் விஸ்கொன்சின் காட்டுக்குள் தந்தையின் வேட்டைக் குடிலில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து பதிந்த அல்பம். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் 13 மணிநேரம்வரை மின்வெட்டு நடந்த நாள்களில், தொலைபேசியில் மிஞ்சிய மின்னேற்றத்துக்கு ஓர் அல்பம் என்று பங்கிட்டுக் கேட்டபோது அதையே பெரும்பாலும் தெரிந்தெடுத்தேன். ஒன்பதே பாட்டுகள், நாற்பது நிமிடம்கூட இல்லை.

கச்சேரிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அலைச்சறுக்குப் பருவத்தில் அறுகம்பைக்குப் போனால் கடற்கரைக் கடைகளில் கிற்றாரோடு யாராவது பாடுவார்கள். பெரும்பாலும் பிறர் பாட்டுகள். ஒருமுறை கொழும்பில் ஒரு சிறிய மண்டபத்தில், சொந்தப் பாட்டுகளை மட்டுமே வாசிக்கும் குழு ஒன்றுக்காகக் காலை உதயதேவி ரயிலில் ஏறிப் போனேன். ஏழு மணிக்கென்று அறிவித்த நிகழ்ச்சியை ஒழுங்கமைப்பாளர்கள் ஒன்பதரைக்குத்தான் தொடங்கினார்கள். மன்னிப்பாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. புறக்கோட்டையில் ஊருக்கான கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியிருந்ததால் நாலு பாட்டோடு எழுந்துவிட்டேன். ஆனால் அவர்கள் தங்கள் அல்பத்தின் கடைசிப் பாட்டையே அன்று முதலாவதாக வாசித்தார்கள். மேளக்காரர் குச்சியைத் தட்டி நாலு எண்ணியதும் அந்தப் பாட்டு வந்து விழ, ஒழுங்கைப் பற்றி அத்தனை பேசும் எனக்கு அது தவறாகவே தோன்றவில்லை. பஸ்ஸில் விடிய விடிய அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

போன மாதம் அலுமாரியைத் துப்புரவாக்கியபோது அந்தப் பழைய எம்பி3 கருவி அகப்பட்டது. மின்கலம் செத்துவிட்டது, வயரைச் செருகினால் மட்டும் உயிர் வருகிறது. நிலத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து கேட்டேன். ஐந்தாவதாக ‘வீடியோடேப்’ வந்து அடங்கியதும், ‘பொடிஸ்னாச்சர்ஸ்’ பாய்வதற்கு அரை நொடி முன்னரே என் கால் தாளம் போடத் தொடங்கிவிட்டது. சரியான ஒழுங்கில் எத்தனையோ நூறு தடவை கேட்டபிறகும் அந்தப் பிழையான ஒழுங்கு எனக்குள் அப்படியே கிடக்கிறது. கருவி கையில் சுடத் தொடங்கியதால் வயரைக் கழற்றினேன். ஏழாவது பாட்டு பாதியில் நின்றது. எட்டாவது எது என்பது எனக்குத் தெரியும்.